காளான் அறைக்கு வெளியே

உலகத்தில் என்னை முகத்துக்கு நேராக "அழுக்கு" என்று சொன்னவர் ஒருவர்தான். அதுவும் எப்போது? நான் குளித்து, பவுடர் பூசி, ஞாயிறு ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு பெங்களூர் காக்ஸ் டவுனிலிருந்து கிளம்பி, ரயில் ஏறி, கோலார் தங்கவயலில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றபோது.

"அழுக்கா கீறியே தம்பி. போய் காலு கழுவிக்கினு வா," என்றார்.

கழுவிவிட்டு வந்தேன்.

"சோப்பு போட்டியா?"

போடவில்லை. திரும்பிப் போய்ப் போட்டேன். பிறகு முழங்கை வரை கழுவச் சொன்னார். சட்டையைக் கழற்றிவிட்டு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய வீட்டுக்காரரின் பனியனைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். மூக்கையும் வாயையும் சுற்றி ஒரு துண்டு கட்டினார். இத்தனையும் முடிந்த பிறகு ஓர் அறையின் கதவை ஒரு சாண் திறந்து, "இங்கேர்ந்தே பாத்துக்கோ, உள்ள வராத," என்றார்.

உள்ளே அரை இருட்டு. தரையில் ஈர மணல், சுவரெல்லாம் ஈரச் சாக்கு. வைக்கோல் அடைத்த பாலிதீன் பைகள் கூரையிலிருந்து கயிற்றில் வரிசையாகத் தொங்கின. பைகளின் கீறல்களிலிருந்து சிப்பிக் காளான் கொத்துக் கொத்தாக எட்டிப் பார்த்தது. அவற்றை அவர் பார்த்த பார்வையில் பத்தில் ஒரு பங்கு மரியாதைகூட அன்றைக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் வாரத்தில் ஆறு நாள் எங்கள் அழுக்கைத் துடைப்பதுதான் அவருக்கு வேலை. வைட்ஃபீல்டில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு கம்பெனியில் நான் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். நிர்வாகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஏசி ஓடுகிறதா, கேப் வந்ததா, கழிவறையில் காகிதம் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அவர் எங்கள் மாடியின் ஹவுஸ்கீப்பிங் ஆட்களில் மூத்தவர், ஐம்பதை ஒட்டிய வயது. விடியும் முன்பே தங்கவயலில் ரயில் பிடித்து, எட்டு மணிக்கு நீல மேல்சட்டை மாட்டி, துடைப்பத்தோடு வந்து நிற்பார். எல்லோருக்கும் அவர் அக்கா. பெயர் அவர் கழுத்து அட்டையில் அச்சாகித் தொங்கியது. அதைப் படிக்க யாரும் சிரமப்படவில்லை.

எங்கள் கட்டடத்தில் மூன்று லிஃப்டுகள். அதில் பளபளப்பான இரண்டை ஹவுஸ்கீப்பிங் ஊழியர்கள் பயன்படுத்தக் கூடாது என்று ஓர் அறிவிப்பு இருந்தது. வெளிநாட்டு விருந்தாளிகள் வரும் இடமாம், வாளியும் துடைப்பமும் கண்ணில் படக் கூடாதாம். அதை டைப் அடித்து, லேமினேட் செய்து, கோணாமல் ஒட்டியவன் நான்தான். அக்கா வாரம் ஒருமுறை அந்த அறிவிப்பை ஈரத்துணியால் துடைத்துப் பளிச்சென்று வைப்பார். நான் பக்கத்தில் போனால், "எழுத்து நல்லா தெரியுதா சார்?" என்று கேட்பார். ஆபீசில் நான் சார், வெளியே தம்பி. கிண்டலா, நிஜமாகக் கேட்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அவர் குடும்பத்தில் இரண்டு தலைமுறை ஆண்கள் பூமிக்கு அடியில் இறங்கித் தங்கம் வெட்டினார்கள். தங்கம் எங்கே போனதோ, அவர்களுக்கு மிஞ்சியது சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இரண்டு அறை. சுரங்கத்தை மூடிய பிறகு ஊரில் பாதிப் பேர் பெங்களூர் ரயிலை நம்பிப் பிழைத்தார்கள். அக்காவும் அதே ரயில்தான். ஆனால் அவர் எங்கேயோ ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்க் காளான் வளர்க்கக் கற்றுக்கொண்டு வந்து, இரண்டு அறைகளில் நல்ல அறையைக் காளானுக்குக் கொடுத்துவிட்டு, அடுப்படியில் பாய் போட்டுப் படுத்தார்.

அந்த அறைக்கு அவர் போட்ட சட்டங்கள் எங்கள் கம்பெனியின் சட்டங்களைவிடக் கடுமையானவை. இட்லி மாவு கரைத்த கையோடு யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது, மாவில் புளிப்பு இருக்கிறதாம், அது காளானுக்கு ஆகாதாம். ரொட்டி வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. தலையில் பூ வைத்தவர்கள் தெருவிலேயே நிற்க வேண்டும். மத்தியானம் தண்ணீர் தெளிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக்கூட அனுமதி கிடையாது. ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றபடி, நீளக் குழாய் வைத்த தெளிப்பானால் அவர் பாட்டுக்கு அடித்துவிட்டுப் போக வேண்டும்.

வீட்டுக்காரர் பெங்களூர் ஆடுகோடியில் ஒரு பட்டறைக்குக் காவலாள். ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருவார். "துபாய்க்குக்கூட சுளுவா போய்ட்லாம் தம்பி," என்றார் என்னிடம். "எங்க வூட்டு ரூமுக்குள்ள போறதுக்கு எனக்கு விசா கெடைக்கல."

"நீ பீடி புடிச்ச வாயோட வர்ற. உனக்கு எதுக்கு விசா?" என்றார் அக்கா அடுப்படியிலிருந்து.

கண்ணுக்குத் தெரிகிற அழுக்கைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை இல்லை. "அது பாவம், தொடச்சா போய்டும்," என்பார். "தெரியாம வர்ற அழுக்குதான் தம்பி ஆளையே தின்னுடும். பச்சையா ஒரு பூஞ்சணம் கீது. மொதல்ல கடுகு அளவு இருக்கும். ரெண்டு நாள்ல பையி மொத்தமும் அதும் பேருக்கு எழுதிக்கும்." பைக்குள் போகும் வைக்கோலை அரை நாள் ஊறவைத்து, வேகவைத்து, ஆறவைத்து, கையால் பிழிந்து பார்ப்பார். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் மறுபடி உலர்த்துவார். நான் அந்த அளவுக்குக் கவனமாக என் பரீட்சைக்குக்கூடப் படித்ததில்லை.

பறித்த காளானைச் சின்னச் சின்னப் பையாகக் கட்டி ரயிலில் கொண்டுவந்து எங்கள் பேன்ட்ரியில் விற்பார். எச்.ஆர். மேடம் ஒருநாள் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அக்கா, இது ஆர்கானிக்கா?" என்று கேட்டார்.

"வைக்கோல்ல வந்தது மேடம்."

"அதான், ஆர்கானிக்கா?"

"மாடு திங்கற வைக்கோல்தான் மேடம்," என்றார் அக்கா. மேடத்துக்கு அதுவே போதுமான சான்றிதழாக இருந்தது. நான்கு பை வாங்கிக்கொண்டார்.

வினை அந்த நான்கு பையில்தான் ஆரம்பித்தது. கம்பெனிக்கு அந்த வருடம் ஏதாவது சமூக சேவை செய்தே ஆக வேண்டிய கட்டாயம். மரம் நட்டாகிவிட்டது, ஏரிக்கரையில் குப்பை பொறுக்கிப் படம் எடுத்தாகிவிட்டது. காளான் யாருக்கும் தோன்றாத யோசனை என்று மேடம் பரவசப்பட்டார். "கிராமப்புறப் பெண்களுக்குக் காளான் வழி வருமானம்" என்று ஒரு திட்டம் ஒரே மதியத்தில் தயாரானது. அக்காவின் ஊருக்கு நகராட்சி உண்டு, தியேட்டர் உண்டு, பெங்களூருக்கு முன்பே கரண்டு பார்த்த ஊர் என்று அவர்கள் பெருமை பேசுவார்கள். ஆனால் படிவத்தில் கிராமம் என்ற கட்டம் மட்டும்தான் இருந்தது. நான் அந்தக் கட்டத்தில் டிக் அடித்து, தங்கவயலை ஒரு நொடியில் கிராமமாக்கினேன்.

கிண்டல் இருக்கட்டும், விஷயம் நல்ல விஷயம். எங்கள் கேன்டீன் வாரம் இரண்டு முறை காளான் வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. அது நிலைத்துவிட்டால் அக்காவின் லைனில் எட்டுப் பெண்கள் அவரவர் வீட்டிலேயே காளான் போடலாம், விடியற்காலை ரயிலைப் பிடிக்க ஓட வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை. ஆண்டு விழா வரும் திங்கட்கிழமை ஆபீஸ் முழுவதற்கும் காளான் பிரியாணி. அதற்கு முழுச் சரக்கும் அன்று காலை வந்து சேர வேண்டும். அதுதான் சோதனை, தவறினால் ஒப்பந்தம் கிடையாது.

முதல் தடவை என்பதால் எட்டுப் பேரின் பைகளும் அக்காவின் அறையிலேயே தொங்கின. வேறு யாரிடமும் அப்படி ஒரு அறை இல்லை. மேடம் அதைப் பார்க்க ஒருமுறை வந்தார். மல்லிகைப்பூ கழன்றது, செண்ட் வாசனை போக இரண்டு முறை கழுத்தைக் கழுவ வேண்டியிருந்தது, ஜீன்ஸுக்கு மேல் அக்காவின் துவைத்த நைட்டி ஏறியது. மேடம் நைட்டியோடு வாசலில் நின்று ஒரு சாண் இடுக்கு வழியே பார்த்துவிட்டு, "வாவ்," என்றார். உள்ளே போகக் கேட்டபோது அக்கா கதவைச் சாத்திவிட்டார்.

பிறகு வி.பி. சாருக்கு ஆசை வந்தது. அவர் எங்கள் துணைத் தலைவர். எது ஒன்றையும் திறந்துவைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. புதிய காபி மெஷினுக்கு ரிப்பன் வெட்டியவர். ஆயுத பூஜைக்கு சர்வர் அறைக்குள் போய் ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, அன்று மதியம் நெட்வொர்க் படுத்தபோது, "நல்ல வேளை, பூஜை போட்டோம், இல்லைன்னா இன்னும் பெருசா ஏதாவது ஆகியிருக்கும்," என்று சொன்னவர். அவர் காளான் அறையைத் திறந்துவைக்க வேண்டும், அதுவும் ஆண்டு விழாவுக்கு முன்பே, விழாவில் படம் காட்ட வேண்டுமே. வியாழக்கிழமை என்று தேதி குறித்தார்கள்.

வியாழன் என்றால் பைகளைக் கீறி, மொட்டு அப்போதுதான் குண்டூசித் தலை அளவுக்கு வெளியே வரும் நேரம். அக்கா முடியவே முடியாது என்றார். "அறுவடை ஆயிட்டு வரட்டும் தம்பி. ஆற அமர சுத்திப் பாக்கட்டும். இப்போ புள்ள பெத்த வூடு மாதிரி, யாரையும் விட மாட்டேன்."

அப்போது என்னை அனுப்பினார்கள், நான் சொன்னால் அக்கா கேட்பார் என்று. கேட்கவும் செய்தார், அதுதான் கொடுமை. அவருடைய மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் மூன்று நாள் கூட இருந்திருக்கிறேன். அது மனிதனுக்கு மனிதன் செய்கிற சாதாரண உதவி. அன்றைக்கு நான் அதை வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே, கொடுத்த கடனுக்குக் கையை நீட்டியது மாதிரி அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, வி.பி. வரலைன்னா மேடம் இந்தத் திட்டத்தையே மூடிடுவாங்க. எட்டுப் பேர் பாவம். ஒரே ஒரு பத்து நிமிஷம்."

எட்டுப் பேருக்காகத்தான் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். அந்த மாதம் என் பதவி உயர்வு மேடத்தின் மேஜையில் இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுவதுதான் யோக்கியம்.

"எத்தினி பேரு?" என்றார் அக்கா.

"நாலு பேர்க்கா."

"காலு கழுவச் சொல்லு."

இருபத்து மூன்று பேர் வந்தார்கள். இரண்டு வேன், ஒரு கார், ஒரு பேனர். காலில் போட நீல நிறப் பிளாஸ்டிக் உறை கொண்டுவந்திருந்தார்கள், படத்தில் நன்றாக இருக்கும் என்று. ஷூவின் மேலேயே போட்டுக்கொண்டார்கள். அக்கா வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்திருந்தார். வி.பி. சார் அதைப் பாதபூஜைக்கு வைத்தது என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

பைகள் மொட்டையாகத் தொங்குகின்றன, படத்தில் எடுபடாது என்றார் போட்டோக்காரர். சாமந்தி மாலைகள் வேனிலிருந்து இறங்கின. பைக்கு ஒரு மாலை, மாலைக்கு மேல் சந்தனம் குங்குமம். அக்கா வீடு புத்தரைக் கும்பிடுகிற வீடு, பூஜை புனஸ்காரம் கிடையாது. சாமி படம் எங்கே என்று மேடம் தேடி, புத்தரைக் கண்டுபிடித்து, அவருக்கும் ஒரு மாலை போட்டார். கற்பூரம் ஏற்றினார்கள். தேங்காய் உடைத்து அந்தத் தண்ணீரைப் பைகளின் மேல் தெளித்தார்கள். அரை இருட்டு என்பதால் இரண்டு பெரிய விளக்குகளை முக்கால் மணி நேரம் எரியவிட்டார்கள். திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைக்க மட்டும் இடம் போதவில்லை, வாசலில் உடைத்தார்கள்.

எட்டுப் பெண்களும் பட்டுப்புடவையில் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வீட்டு வாசலில் அதுவரை யாரும் எதையும் திறந்துவைக்க வந்ததில்லை.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோங்க, ஃபிரேம்ல வர்றீங்க," என்றார் போட்டோக்காரர். அக்கா தள்ளினார். இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் தள்ளினார். கடைசியில் தன் அறைக்கு வெளியே வந்து, வாளியின் பக்கத்தில் நின்றார். உள்ளே நான் குத்துவிளக்கைப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மொட்டுகள் மஞ்சளாகிச் சுருங்கின. ஞாயிறு காலையில் பார்த்தால், சாமந்தி மாலை பட்ட இடத்திலெல்லாம் பச்சை. அவர் சொன்னபடியே கடுகு அளவில் ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் பைகளைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டது. அக்காவும் அந்த எட்டுப் பேரும் பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்தார்கள். இதை எனக்கு அவர் வீட்டுக்காரர் போனில் சொன்னார். அக்கா போன் செய்யவில்லை.

திங்கட்கிழமை எங்கள் ஆபீசில் காளான் பிரியாணிக்கு ஒரு குறையும் இல்லை. கேன்டீன்காரர் மார்க்கெட்டிலிருந்து பட்டன் காளானை மூட்டையாக வாங்கிப் போட்டிருந்தார். வி.பி. சார் ஒரு வாய் சாப்பிட்டு, "நம்ம பெண்களோட கைமணம்," என்று மைக்கில் சொன்னார். கை தட்டினோம். அன்று அக்கா வேலைக்கு வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் தட்டுகளை எடுத்தார், மேஜைகளைத் துடைத்தார். மேடம் அவரைக் கூப்பிட்டு, சரக்கு வராததால் ஒப்பந்தம் இல்லை என்று ரொம்ப வருத்தத்தோடு தெரிவித்தார். மறு மாதம் அதே திட்டத்துக்கு ஏதோ ஒரு விருது கிடைத்தது. எனக்கும் ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள், உயர்வும் கொடுத்தார்கள். இரண்டையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எட்டில் ஆறு பேர் மறுபடி விடியற்காலை ரயிலுக்கே திரும்பிவிட்டார்கள். இரண்டு பேர் மட்டும் அக்காவோடு சேர்ந்து புதிதாகப் பை கட்டினார்கள். அக்கா எங்கள் கம்பெனியில் வேலையை விட்டுவிட்டார்.

மூன்று மாதம் கழித்து நான் தங்கவயலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வெறும் கையோடு போக வெட்கப்பட்டு, கம்பெனி வழவழ தாளில் அச்சடித்திருந்த ஆண்டறிக்கையைக் கொண்டுபோனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து அதைப் புரட்டினார். திறப்பு விழாவின் பெரிய படம் வந்தது. வி.பி., மேடம், விளக்கோடு நான். அக்கா படத்தில் இல்லை. எங்கள் தோள்களுக்குப் பின்னால் தொங்கிய ஒரு பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொட்டு எவ்ளோ அழகா வந்துகீது பாரு," என்றார். "கெடாம இருந்திருந்தா அன்னிக்கு மொத்த ஆபீசும் துன்னிருக்கும்."

உள்ளே போய்க் கத்திரிக்கோல் எடுத்து வந்தார். படத்திலிருந்து எங்கள் மூன்று பேரையும் கவனமாக வெட்டி எடுத்தார். மிஞ்சிய பையின் துண்டைத் தன்னோடு சேர்ந்த அந்த இரண்டு பெண்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஓரமாக வைத்துவிட்டு, எங்களை மடித்து என் கையில் கொடுத்தார். கோபமாக இல்லை, மீதிச் சில்லறை கொடுப்பது போலக் கொடுத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "தப்பு என் மேலதான்க்கா," என்றேன்.

"உன் மேல இன்னா தப்பு? கேட்ட. நான் தொறந்தேன்."

ஒரு காபி கொடுத்தார். குடித்தேன். புதுப் பைகள் எப்படி வந்திருக்கின்றன என்று கேட்டேன். நல்லா வந்துகீது என்றார். எழுந்து, நானாகவே சோப்பு போட்டுக் காலை முட்டி வரை கழுவினேன். முழங்கை வரை கழுவினேன். "ஒரு தடவ எட்டிப் பாத்துட்டுப் போறேன்க்கா," என்றேன்.

அவர் கதவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"வேணாம் தம்பி. அந்த வி.பி.ய கூட நான் வாசல்லயே நிறுத்தியிருப்பேன். நீ வந்து கேட்டா எனக்கு இல்லன்னு சொல்ல வராது. இனிமே கேக்காத."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.